கையைத் தூக்கிய ஸ்கிரிப்ட்

மணற்குடியில் குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்தொன்று. அப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் பெனிட்டா. மீனவர் சங்கத்தின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் அவள் பொறுப்பு. சீடர் சூசைமரியான், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் பெனிட்டாவுக்கு முட்டை போட்டதும் அவர்தான். அதை அவர் மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒருநாள் சங்கத்துக்கு வந்து, "எனக்கும் ஏதாவது கத்துக்குடு பிள்ள" என்றார். கம்ப்யூட்டர் செய்யவேண்டியதை வரிவரியாக எழுதிவைத்தால் அது தானாகவே ஒவ்வொன்றாகச் செய்துவிடும். அதற்கு ஷெல் ஸ்கிரிப்ட் என்று பெயர் என்று சொல்லி ஆரம்பித்தாள்.

ஆறே மாதத்தில் ஊருக்கே முக்கியமான வேலையை அவர் கையில் கொடுத்தாள். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் கடல் நிலவரம் சொல்லவேண்டும். வானிலை அலுவலகத்திலிருந்து செய்தியை எடுத்து, அதில் மணற்குடிக்கு உரிய வரியைப் பிரித்து, அறிவிப்பாக எழுதிவைப்பது ஸ்கிரிப்ட்டின் வேலை. எழுதியதை இன்னொரு புரோகிராம் ஊருக்கு வாசிக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நாலு மணிக்கு நாற்பத்து மூன்று வள்ளங்கள் கடலில் இறங்கும். அதில் ஒன்று சூசை சாரின் மருமகன் லூர்தையனுடையது.

முதல் வாரமே இணைய இணைப்பு அறுந்தது. வானிலை அலுவலகத்தைப் பிடிக்கமுடியவில்லை என்று ஸ்கிரிப்ட் இங்கிலீஷில் முனகியதும் அறிவிப்பிலேயே ஏறிவிட்டது. ஒலிபெருக்கி கணீரென்று வாசித்தது: "கர்ல் சிக்ஸ். குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்."

ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. மீன் விற்கும் பெண்கள் அவரைக் கண்டால் விடவில்லை. "சார், இன்னைக்குக் கடல் குட் நாட்டா, பேட் நாட்டா?"

அவர் குருவிடம் வந்தார்.

"பிள்ள, இந்த ஸ்கிரிப்ட் வாயை எப்படி அடைக்கிறது?"

"எதுக்கு சார் அடைக்கணும்?"

"மானம் போகுதே."

அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் மனிதர் விடுவாரா? புத்தகத்தைப் புரட்டி அவரே கண்டுபிடித்தார். எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் ஒரு ஓட்டை கம்ப்யூட்டருக்குள் இருந்தது. டெவ் நல் என்று பெயர். ஸ்கிரிப்ட் சொல்லும் குறையெல்லாம் அதற்குள் போகும்படி செய்தார். கடைசி வரியில், "நல்லபடியாக முடிந்தது" என்று எழுதச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதியோடு அன்று தூங்கினார்.

மறுநாள் காலையில் பெனிட்டா, "ஓட்டிக் காட்டுங்க சார்" என்றாள்.

ஓட்டினார். திரையில் வந்தது: கடல் அமைதி. அலை அரை மீட்டர். நல்லபடியாக முடிந்தது.

"பாத்தியா? ஒரு முணுமுணுப்பு உண்டா?"

"இல்ல சார். இந்தச் செய்தியை யார்கிட்ட கேட்டுச்சு?"

"வானிலை ஆபீஸ்லதான்."

அவள் தன் கைப்பையைத் திறந்து ஒரு நீல ஒயரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் ஒயர். அவர் வருவதற்கு முன்பே கழற்றி வைத்திருந்தாள்.

அவர் ஒயரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"நேத்துச் செய்தி. புதுசு கிடைக்கலன்னதும் பழசையே எடுத்துக் குடுத்துருச்சு."

நேற்றைய அமைதியை நம்பி இன்றைய கடலில் இறங்கும் லூர்தையன் சூசை சாரின் கண்முன் வந்தான். மகளின் முகமும் வந்தது.

"சார், பரீட்சை நடக்குது. பாதியில ஒருத்தனுக்குப் பேனா தீர்ந்துபோச்சு. என்ன செய்யணும்?"

"கையைத் தூக்கி என்கிட்டச் சொல்லணும்."

"விடைத்தாள்லயே 'பேனா தீர்ந்துபோச்சு'ன்னு எழுதி வச்சா?"

"மடையன்."

"யார்கிட்டயும் சொல்லாம, போன பரீட்சைத் தாளையே மறுபடி குடுத்துட்டு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு சிரிச்சுக்கிட்டே போனா?"

"களவாணி" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "முதல்ல ஒரு மடையனை வளர்த்தேன். இப்ப ஒரு களவாணியை வளர்த்திருக்கேன்" என்றார்.

அவள் ஒயரைத் திரும்பச் சொருகினாள்.

மூன்று நாள் சாப்பாடு மறந்து உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் ஒரு கேள்வி: ஆச்சா? ஆகவில்லை என்றால் அடுத்த வரிக்குப் போகக்கூடாது, அங்கேயே நிற்கவேண்டும். ஊருக்கான பேச்சு ஒரு வழியில் போகும். குறை இன்னொரு வழியில், இணையம் இல்லாவிட்டாலும் போகிற எஸ்.எம்.எஸ். ஆக, அவருடைய போனுக்கு வரும். நேற்றைய செய்தியை வேலை தொடங்கும்போதே அழித்துவிடும். வேலை முடியும்போது, ஆச்சா இல்லையா என்பதற்கு அடையாளமாக ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஒலிபெருக்கி வாயைத் திறக்கும்.

நாலாம் நாள் எல்லாம் சரியாக நடந்தது. செய்தி வந்தது, அறிவிப்பு எழுதியாகிவிட்டது, ஒலிபெருக்கி மட்டும் ஊமையாக இருந்தது. சார் ஓடிப்போய் மைக்கைப் பிடித்துத் தானே வாசித்தார். பெனிட்டா ஸ்கிரிப்ட்டின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன பிள்ள சிரிப்பு?"

"எல்லாம் நல்லா நடந்தா எந்த எண் சொல்லச் சொன்னீங்க?"

"ஒண்ணு. நல்லா செஞ்சவனுக்கு ஒரு மார்க்காவது போடவேண்டாமா? கோட்டை விட்டா முட்டை."

"ஷெல்லுக்கு முட்டைதான் சார் பாஸ். ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாமே ஃபெயில்."

சார் கொதித்துப்போனார். "இது எந்த ஊரு நியாயம்? முப்பத்து நாலு வருஷத்துல முட்டை வாங்கினவனுக்கு ஒருநாளும் நான் பாஸ் போட்டதில்ல."

"தெரியும் சார்" என்றாள் பெனிட்டா. சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"முட்டை எப்படிப் பாஸாகும்? நீயே சொல்லு."

"ஒருநாள் நீங்களே சொல்வீங்க. இப்போதைக்கு மாத்துங்க."

குரு சொல்லைத் தட்டமுடியாதே! ஒன்றை அழித்து முட்டையைப் போட்டார், மனசே இல்லாமல்.

ஐப்பசி பிறந்தது. இறால் வலை கொள்ளாமல் வந்த நேரம். அன்று கடல் குளமாகக் கிடந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு ஐம்பதுக்குச் சூசை சாரின் போன் அதிர்ந்தது. அவரே எழுதிவைத்திருந்த வரிகள்தான் வந்திருந்தன.

"சார், கையைத் தூக்குகிறேன். வானிலை அலுவலகத்தோடு இணைப்பு கிடைக்கவில்லை. மூன்று தடவை முயன்றேன். நேற்றைய செய்தியை அழித்துவிட்டேன். ஒலிபெருக்கி பேசாது."

மூன்று மணி. ஊர் முழுக்க அமைதி. அடுத்த நிமிடம் லூர்தையன் போனில் கூப்பிட்டான்.

"மாமா, மைக் ஏன் பேசல? கடல் சும்மா கிடக்கு. எல்லாரும் கயித்தை அவுத்துட்டாங்க. இறக்கட்டுமா?"

"இறக்காத."

"இறால் மாமா!"

"இறால் எங்கயும் போகாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்லமாட்டேன். எல்லாரையும் நிறுத்து. நான் கேட்டுச் சொல்றேன்."

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் தடவை ஒருவர் எடுத்தார். "மணற்குடியா? உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். இன்டர்நெட் லைன் செத்துக் கிடக்கு, போனும் கிடைக்கல. ரெண்டு மணிக்கே எச்சரிக்கை போட்டாச்சு. சாயங்காலம் சூறைக்காத்து வருது. ஒரு படகும் இறங்கக்கூடாது."

சூசை சார் மைக்கை எடுத்தார். பள்ளிக்கூட மைதானத்தையே அதட்டிய பழைய குரல் அப்படியே திரும்பி வந்தது. "மணற்குடி சனங்களே! சூறைக்காத்து வருது. வள்ளத்தை எல்லாம் மேல ஏத்துங்க. ஏத்திட்டுத்தான் மத்த பேச்சு."

முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்றினார்கள். இரண்டு பேர் கண்ணாடிபோல் கிடந்த கடலைக் காட்டி அவரைக் கேலிகூடச் செய்தார்கள். ஐந்தரைக்குத் தெற்கே வானம் கறுத்தது. அடுத்த கால்மணி நேரத்தில் காற்று வந்து சங்கத்தின் தகரக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. பனைமரங்கள் தலைவிரித்து ஆடின. கடலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அரைமணியில் அடங்கிவிட்டது. சனம் கடற்கரைக்கு ஓடி வந்தது. கேலி செய்த இருவரில் ஒருவன் சூசை சாரை அப்படியே தூக்கிவிட்டான். மீன் விற்கும் பெண்கள் குலவை போட்டார்கள். "சார், குட் நாட்டு இல்ல, வெரி குட்டு!" லூர்தையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் எந்த ரிசல்ட் வந்த அன்றும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெனிட்டா வந்தாள்.

"சார், வள்ளத்தை எண்ணிட்டீங்களா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன் பிள்ள. நாற்பத்து மூணும் மணல்ல இருக்கு."

"கடல்ல?"

"கடல்ல ஒண்ணும் இல்ல."

"கணக்கு சார் நீங்க. எண்ணாச் சொல்லுங்க."

சூசை சார் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்பதாம் வகுப்பின் மூன்றாவது பெஞ்சில் முட்டை போட்ட தாளோடு உட்கார்ந்திருந்த சின்னப் பெண் சட்டென்று நினைவுக்கு வந்தாள்.

"முட்டை" என்றார் மெதுவாக.

"பாஸா சார், ஃபெயிலா?"