கூட்டு ரதமும் கட்டம் போட்ட துணியும்

முன்னொரு காலத்தில் ஒரு மன்னருக்குப் புழுக்கம் தாங்கவில்லை. எந்த நாடு, எந்த மன்னர் என்று கேட்காதீர்கள். புழுக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஊருக்கு வெளியே அரைக் காத தூரத்தில் இருந்த மலைமேல் புது அரண்மனை கட்டிக்கொண்டு போய்விட்டார். அதிகாரிகளின் வீடுகளோ கீழே ஊருக்குள்தான். மந்திரி, தளபதி, பொக்கிஷதார், அரண்மனைச் சோதிடர் ஆகிய நால்வரும் தினமும் நான்கு ரதங்களில் மலையேறினார்கள். ஒருநாள் அந்த நான்கு ரதங்களும் கிளப்பிய புழுதி, உப்பரிகையில் ஆறிக்கொண்டிருந்த மன்னரின் பால் பாயசத்தில் வந்து படிந்தது.

"நாளை முதல் நால்வருக்கும் ஒரே ரதம். செலவை நீங்களே பங்கிட்டுக்கொள்ளுங்கள்" என்று மன்னர் உத்தரவு போட்டார்.

பாயசத்தில் விழுந்த புழுதி கடைசியில் தாண்டவராயன் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டது? தாண்டவராயன் அந்த அவையின் விகடகவி. ரதத்தில் அவனுக்கு இடமில்லை. அவன் நடந்தே மலையேறுகிறவன். அவனுக்கென்று இருந்த சொத்து, மன்னர் எப்போதோ கொடுத்த மூன்று மா மானிய நிலம் மட்டும்தான். அதில் நெல் பயிரிட்டு வந்தான்.

ஆறு மாதம் ரதம் ஓடியது. ஒருவரும் ஒரு காசு எடுத்து வைக்கவில்லை. கொள்ளுக் கடைக்காரர், சக்கரத்துக்குப் பட்டை கட்டிய கொல்லர், சாரதி இருளப்பன் என்று எல்லோருக்கும் சேர்த்து நூற்றிருபது பொன் பாக்கி நின்றது. வழக்கு மன்னரிடம் வந்தபோது மந்திரி எழுந்தார். போன மாதம் மன்னர் விகடகவிக்கு ஒரு முத்துமாலை போட்டதிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

"மன்னர் மன்னா! இத்தகைய நுட்பமான கணக்கு எம்போன்றோருக்குப் பிடிபடாது. விகடகவியின் அறிவை நாடே மெச்சுகிறது. அவரே பங்கு பிரித்துத் தரட்டும்."

"நல்ல யோசனை!" என்றார் மன்னர். "தாண்டவராயா, வரும் வெள்ளிக்கிழமை அவையில் நால்வரும் தம் வாயாலேயே 'இதுவே நியாயம்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நூற்றிருபது பொன்னுக்கும் உன் மானிய நிலம் ஈடாகப் போகும்."

தாண்டவராயன் ஓட்டமாக மலையிறங்கினான். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் துணியை விரித்தான். குறுக்கும் நெடுக்கும் கரிக்கோடு கிழித்துக் கட்டங்கள் போட்டான். இடப்பக்கம் பெயர்கள், மேலே நாட்கள், வலக்கோடியில் அவரவர் தர வேண்டிய தொகை. எந்த நாள் யார் ஏறினார், எங்கே இறங்கினார் என்பதை இருளப்பனிடம் கேட்டுக் கேட்டுப் புள்ளி வைத்தான். இரண்டு நாள் முதுகு ஒடிந்த பிறகு, ஆளுக்கு முப்பது பொன் என்று வந்தது. அவனுக்கே அது அழகாக இருந்தது. பாவம், அழகாக இருந்தால் போதுமா?

துணியைச் சுருட்டிக்கொண்டு முதலில் பொக்கிஷதாரிடம் போனான்.

"முப்பதா?" என்றார் அவர். "என் பயணம் கற்பாலம் வரைதான், ஐயா. அதற்கு மேல் மலை. குதிரை எனக்காகவா மலையேறுகிறது? மற்றவர்களுக்காக எப்படியும் ஏறித்தானே தீர வேண்டும்! சமதரைக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை என்று எழுதும்."

ஒரு கட்டத்தை அழித்தால் அந்த வரிசை முழுதும் மாறியது. அது மாறியதும் மற்ற மூவரின் தொகையும் ஏறியது. விடிந்ததும் எல்லாவற்றையும் அழித்து, ஆளுக்கு நாற்பது என்று திருத்தி எழுதிக்கொண்டு தளபதியிடம் போனான்.

"யான் பயணி அல்லன், ரதத்தின் காவலன். காவலனிடம் எவரேனும் கூலி கேட்பதுண்டா?" என்று தளபதி மீசையைத் தடவினார். மறுபடியும் அழித்து எழுதி, ஆளுக்கு அறுபது என்று சோதிடரிடம் போனால், அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எமக்கு அஷ்டமச் சனி நடக்கிறது. இந்த இரண்டரை வருடமும் யாம் ரதம் ஏறவே கூடாது. ஏறியது இந்த உடல்தான். யாம் ஏறியதாகக் கொள்ள முடியாது."

மந்திரி வீட்டுக்குப் போகும்போது அவர் வரிசையில் நூற்றிருபது பொன்னும் நின்றது. மந்திரி துணியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "நான் எங்கே போகிறேன்? அரசாங்க ஓலைகள் போகின்றன; அவற்றுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். அது இருக்கட்டும், இதில் உம்முடைய பெயர் எங்கே?"

"நான் நடந்து வருகிறவன் அல்லவா?"

"ரதத்தின் புழுதியில் பாதி உம் வேட்டியில்தானே போகிறது? அனுபவிக்கிறவர் பங்கும் தர வேண்டும்."

நால்வரும் தங்கள் தங்கள் கட்டத்தில் தாங்கள் சொன்னதையே எழுதச் சொல்லி முத்திரை மோதிரத்தை அழுத்தினார்கள். நான்கு வரிசைகளிலும் ஒன்றுமில்லை. அடியில் புதிதாகச் சேர்ந்த ஐந்தாவது வரிசையில், தாண்டவராயன் பெயருக்கு எதிரே, நூற்றிருபது பொன்.

மனைவி உலகம்மை துணியைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எந்த வரிசை நிறைந்திருக்கிறது என்பது தெரிந்தது.

"ஏங்க, இது நம்ம பேருதானே?"

"ஆமா."

"அறுப்பு முடிஞ்சாவது கேக்கக் கூடாதா? பால் பிடிச்ச பயிரை எப்படிங்க குடுக்கிறது?" என்று அழுதாள். ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அவளைச் சிரிக்க வைக்க ஒரு சொல் கிடைக்கவில்லை. அவனும் வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து அழுதான்.

வெள்ளிக்கிழமை காலை இருளப்பன் ரதத்தைப் பூட்டிக்கொண்டிருந்தான். தாண்டவராயன் அந்தத் துணியை அவனிடம் கொடுத்தான். தந்திரம் செய்ய வேண்டும் என்றுகூட அவனுக்கு அப்போது தோன்றவில்லை, வெறுத்துப் போயிருந்தான்.

"இருளப்பா, நாலு முத்திரை விழுந்த துணி இது. இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்" என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினான்.

"அப்படியே செஞ்சா என்னை அடிச்சே கொன்னுருவாங்களே, சாமி."

"முத்திரையைக் காட்டு. அவங்க முத்திரையை அவங்களே எப்படி அடிப்பாங்க?"

சொல்லிவிட்டு வழக்கம்போல் நடந்தே மலையேறினான். நிலத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அவை கூடியது. நான்கு ஆசனங்களும் காலி. மன்னர் விரலால் அரியணையைத் தட்டிக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து வாசலில் ரதச் சத்தம் கேட்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பட்டு மெத்தையில் ஓர் ஓலைக்கட்டு மட்டும் கம்பீரமாகச் சாய்ந்திருந்தது. ரதத்தின் பின்னால் கவசத்தோடு ஓடி வந்த தளபதி, படியில் கையூன்றி உட்கார்ந்துவிட்டார்.

"மந்திரி எங்கே?" என்று மன்னர் கர்ஜித்தார்.

இருளப்பன் துணியை விரித்தான். "மகராசா, ஓலைதான் போகுது, தான் போகலைன்னு மந்திரி ஐயா முத்திரை போட்டிருக்காங்க. அதனால ஓலையை மட்டும் ஏத்திக்கிட்டேன். பொக்கிஷதார் ஐயாவைக் கற்பாலத்துல இறக்கிட்டேன். தளபதி ஐயா காவலுக்கு ஓடி வந்தாங்க. சோசியர் ஐயா சனி முடிஞ்சதும் வருவாங்க, இன்னும் ஒண்ணரை வருசம் இருக்காம்."

மன்னர் துணியைப் பார்த்தார், ஓலைக்கட்டைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு அரியணையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

உச்சி வேளைக்கு மற்ற மூவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மன்னர் கேட்டார்: "இந்தத் துணி மெய்யென்றால் உங்கள் ஆயுள் முழுதும் ரதம் இப்படியே ஓடும். பொய்யென்றால் ஆளுக்கு முப்பது பொன். எது நியாயம்?"

"முப்பதே நியாயம்!" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு முறைதான்.

தாண்டவராயன் மன்னரை வணங்கிவிட்டு வாசலை நோக்கித் திரும்பினான். நிலம் தப்பியது. உலகம்மையிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்பது தவிர அவன் மனத்தில் வேறொன்றும் இல்லை.

"பொறு!" என்றார் மன்னர், இன்னும் சிரித்தபடி. "இத்தனை சிரிக்க வைத்தவனை வெறுங்கையோடு அனுப்புவேனா? இந்த ரதமும் இரண்டு குதிரைகளும் இன்று முதல் உனக்கே பரிசு!"

அவை கைதட்டியது. மந்திரிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மன்னர் கொடுத்த பரிசை விற்க முடியாது. வாடகைக்கு விட்டால் அரச நிந்தனை. குதிரை இளைத்தால் அதுவும் நிந்தனைதான். இதெல்லாம் மந்திரிக்கு மனப்பாடம். மறுநாள் காலை நால்வரும் தாண்டவராயன் வாசலில் வந்து நின்றார்கள். "விகடகவியாரே, தங்கள் ரதத்தில் ஓர் ஓரமாக..." வந்த விருந்தாளியிடம் கூலி கேட்கிற வழக்கம் அந்த நாட்டில் இல்லை.

அறுப்பு நல்லபடியாக முடிந்தது. வைக்கோல் முழுதும் குதிரைகளுக்குப் போயிற்று. நெல்லை விற்ற பணம் கொள்ளுக்கும், சக்கரப் பட்டைக்கும், இருளப்பன் சம்பளத்துக்கும் போயிற்று. உலகம்மை அந்தத் துணியை எடுத்து உதறி, வெறும் நெற்குதிருக்கு மேல் மூடினாள். அதில் அந்த ஐந்தாவது வரிசை இன்னும் அழியாமல் இருந்தது.

"நிலம் நம்மகிட்டயேதாங்க இருக்கு" என்றாள்.

அன்று மாலை அவையில் மன்னர் அந்த ஓலைக்கட்டுக் கதையை மறுபடி சொல்லச் சொன்னார். தாண்டவராயன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.