துண்டு பிடிக்க ஒரு ஆள்

"மழை வரும்னு சொன்னா வருது சாமி. இன்ன டீம் ஜெயிக்கும்னு சொன்னா, அது மட்டும் தோத்துப் போகுது."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சுடலைமணி ஆரம்பித்துவிட்டான். கீழே பாதையில் அவனுடைய ஜீப் நின்றிருந்தது. அது மேடேறி வரும் சத்தம் பாதி மலைக்குக் கேட்கும்.

சாமி அடுப்போரம் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"உக்காரு," என்றார்.

இந்தச் சாமி காவி கட்டினவர் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மைதானத்தில் பல வருஷம் கால்பந்து ரெஃப்ரியாக இருந்தவர். ஒரு இறுதி ஆட்டத்தில், கொட்டுகிற மழையில், பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று இரண்டு பக்கமும் அவரைப் பிடித்து உலுக்கினார்கள். எனக்குத் தெரியவில்லை என்றார். விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறி வந்துவிட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரே ஆளை ஊர் என்ன செய்யும்? சாமியாக்கிவிட்டது. அவருக்கு அதில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை.

சுடலைமணி அவரைவிட மூத்தவன். இருந்தாலும் ஒவ்வொரு பந்தயம் போன பிறகும் திட்டு வாங்க ஏறி வருவான். சாமி திட்டமாட்டார். அதுதான் அவனுக்குக் குறை.

மலைப்பாதையில் ஜீப் ஓட்டி ஓட்டி வானம் அவனுக்குப் பழகியிருந்தது. எந்த வளைவில் பனி இறங்கும், எந்தக் காற்று மழையைக் கொண்டு வரும், எது சும்மா மிரட்டிவிட்டுப் போகும் என்று சொல்லுவான். பிழைப்புக்கு அந்த அறிவு போதும். அவன் அதைப் பந்தயத்துக்குக் கொண்டு போனான்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள். பிறகு போனில், பேர் வாயில் நுழையாத ஊர்களின் ஆட்டங்கள். அங்கே தூறுமா, காற்று எந்தப் பக்கம், எந்த அணிக்குச் சேறு ஆகாது என்றெல்லாம் பார்த்துக் கட்டுவான். சொந்தக் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு தகரம் வைக்க நேரமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருப்பது மட்டும் தெரியும்.

"அசதியா இருக்கு சாமி," என்றான். "எந்திரிச்சா வானம். படுத்தா வானம். கழுத்து விட்டுப்போச்சு."

"பாக்காதே."

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கணும்."

சாமி ஒரு கண்ணைத் திறந்தார்.

அன்று மதியம் பெண்கள் அணிகளின் இறுதி ஆட்டம். மேல் தோட்டமும் கீழ்த் தோட்டமும். ஜெயிக்கிற அணியை மாவட்டத் தேர்வுக்குக் கீழே அழைத்துப் போவார்கள். மேல் தோட்டத்துக்குக் கீப்பர் பேச்சி. சுடலைமணியின் ஒரே மகள்.

காய்ந்த பந்து பேச்சியைத் தாண்டிப் போகாது. நனைந்த பந்து அவள் கையில் நிற்காது. போன மழைக்காலம் பூராவும் அவள் கையிலிருந்து பந்து வழுக்கி விழுந்ததை எதிரணிக்காரர்கள் கவனித்தார்களோ இல்லையோ, அப்பன் கவனித்து வைத்திருந்தான்.

"நீ எந்தப் பக்கம் கட்டியிருக்கே?"

சுடலைமணி அடுப்பைப் பார்த்தான்.

"மழை பக்கம்," என்றான். "கீழ்த் தோட்டம் ஜெயிக்கும்னு."

சாமி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கட்டினே?"

"ஜீப்ப."

மீதி எல்லாம் முன்னாலேயே போயிருந்தது. அவன் மனைவி திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போனதும் அதனால்தான். பந்தயம் பிடிக்கிற தவசியிடம் எழுத்தெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான். ஆனால் வாய்ச்சொல் தவறினவன் வண்டியில் அந்த மலையில் ஒருவரும் ஏறமாட்டார்கள்.

இதில் ஜெயித்தால் கடைசி, மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சுடலைமணி சொன்னான். இதுதான் கடைசி என்று சொல்லாத பந்தயக்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை.

"சரி. என்ன கேக்கணும்?"

"மழை கண்டிப்பா வருமா?"

சாமி கையை உயர்த்தி, அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்த துண்டை உருவினார். நன்றாகக் காய்ந்து, புகை வாசனையோடு இருந்தது. அதை மடித்து அவன் மடியில் வைத்தார்.

"மழையக் கேட்டா துண்டத் தர்றீங்க."

"மழைக்குத்தானே."

"சாமி, நான் கேட்டது..."

"பாதி ஆட்டம் முடிஞ்சதும் பள்ளத்துப் பக்கக் கோலுக்குப் பின்னால போய் நில்லு. அங்கேருந்து வானம் நல்லாத் தெரியும்."

அதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீப்பருக்குப் பின்னால் அவர் வீட்டிலிருந்து ஒரு ஆள் காய்ந்த துண்டோடு நிற்க வேண்டும். அண்ணனோ அம்மாவோ, யாராவது. கீப்பர் பின்னால் கையை நீட்டினால் துடைத்துவிட வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற இடத்தில் அது ஒரு பொறுப்பு.

பேச்சிக்கு அவள் அம்மா நிற்பாள். அவள் திருப்பூர் போன பிறகு அந்த இடம் காலி. சுடலைமணி எப்போதும் எதிர் மேட்டில், தவசியோடு உட்கார்ந்திருப்பான்.

இன்றைக்குப் பள்ளத்துப் பக்கம் போனான். மகளுக்காகப் போகவில்லை. வானம் நன்றாகத் தெரியும் என்றதால் போனான்.

பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறின. பேச்சி அந்தக் கோலுக்கு வந்து, அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். பின்னால் பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கம் விட்டுப் போயிருந்தது.

மேல் தோட்டம் ஒரு கோல் முன்னால் இருந்தது. மழை வந்தால் அது நிற்காது.

அவன் மேற்கே பார்த்தான். மேகம் அவன் சொன்னபடிதான் கறுத்திருந்தது. மனசு துள்ளியது. அடுத்த நிமிஷமே அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் வந்தது பனி.

பள்ளத்திலிருந்து ஏறி, கோல் போஸ்டை மூடி, மைதானத்தையே மூடிவிட்டது. விசில் ஊதினார்கள். பனி மூடினால் விளையாடுகிறவர்கள் நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். விலகுகிற வரைக்கும் நகரக்கூடாது. நகர்ந்தால் ஆட்டத்தில் இல்லை.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சத்தம் அடங்கியது. அவனுக்குத் தன் கையே தெரியவில்லை.

அவன் இருமினான்.

"பின்னால யாரு?" என்றாள் பேச்சி.

அவன் அடுத்த இருமலைத் துண்டில் அமுக்கிக்கொண்டான்.

"யாரா இருந்தாலும் சரி அண்ணே. ஒரு உதவி பண்ணுங்க. பனி விட்டதும் எதிர் மேட்டுல எங்கப்பா இருப்பாரு. மழை வருமான்னு அவருகிட்ட கேட்டுட்டு வர்றீங்களா?"

குரல் அவனுடையதாக வரவில்லை.

"அவரு சொன்னா சரியா இருக்குமா?"

"எங்கப்பா வானத்துல தப்பினதே இல்ல."

அவன் துண்டை இறுக்கிப் பிடித்தான்.

"வந்தா என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது. சட்டையில துடைச்சுக்குவேன். அதுவும் நனையிற வரைக்கும்தான்." பஸ் வராது என்று சொல்வது போல அதைச் சொன்னாள். "எனக்குத் துண்டு பிடிக்க ஆள் இல்லண்ணே."

சுடலைமணிக்கு வெட்கமாக இருந்தது. பந்தயத்தில் எத்தனையோ தோற்றிருக்கிறான், ஊர் சிரித்திருக்கிறது, மனைவி பஸ் ஏறியிருக்கிறாள். அப்போதெல்லாம் வராத வெட்கம். அழுகையும் வந்தது. பனி மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"வரும்மா," என்றான். "இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும். பலமாத்தான் வரும்."

காற்று திரும்பியது. பனி கிழிந்து விலகியது. விசில் ஊதினார்கள். பேச்சி எழுந்து திரும்பினாள்.

அப்பாவைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். எதிர் மேட்டில் தவசி உட்கார்ந்திருப்பதையும், அவன் பக்கத்தில் இடம் காலியாக இருப்பதையும் பார்த்தாள். அப்பா எதன்மேல் கட்டியிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. கேட்கவில்லை.

முதல் துளி விழுந்தது. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள்.

அவன் துடைத்தான்.

அதன் பிறகு மழை கொட்டியது. பந்து வரும், பிடிப்பாள், உதைத்து அனுப்புவாள், கையைப் பின்னால் நீட்டுவாள். அவன் துடைப்பான். ஒவ்வொரு முறையும் விரல் விரலாகத் துடைத்தான். துண்டைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து நனையாமல் காத்தான். துண்டு நனைந்தது. சட்டையைக் கழற்றினான். அதுவும் நனைந்தது. பனியனைக் கழற்றினான். எதிர் மேட்டிலிருந்து தவசி ஏதோ கத்தினான், சிரித்தான். சுடலைமணி நிமிரவில்லை.

சாயங்காலம் சாமி கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். பாதையில் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

சுடலைமணி வாசலில் வந்து நின்றான். வெற்றுடம்பு. ஒரு கையில் சட்டையும் பனியனும், மறு கையில் துண்டு. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"ஜீப் சத்தம் கேக்கலயே," என்றார் சாமி.

"தவசி ஓட்டிட்டுப் போயிட்டான்."

"பேச்சி?"

"கீழ போறா. தேர்வுக்கு."

சாமி தலையாட்டினார். அவன் துண்டைப் பிழிந்தான். உதறினான். உள்ளே வந்து அடுப்புக்கு மேலே கொடியில் விரித்துப் போட்டான். மடிப்பில்லாமல் இழுத்துவிட்டான். பிறகு அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டான். உடம்பு நடுங்கியது.

சாமி ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி அவனிடம் நீட்டினார்.

"மழை எப்ப விட்டுச்சு?" என்றார்.

சுடலைமணி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"விட்டுருச்சா?" என்றான்.