முறுக்கில்லாத நூல்

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையெலும்பில் திருகு இறக்கிப் பல் கட்டுவதில், நாசரேத் வட்டாரத்திலேயே டாக்டர் சாராள் பேர் போனவர். அந்த வித்தையைக் கற்க அவரிடம் வந்து சேர்ந்தவன் ஜெபஸ்டின். அவனும் பல் டாக்டர்தான். சாராளைவிட நாலு வயசு மூத்தவன். கோபத்தில் இன்னும் மூத்தவன்.

அன்றைக்கு அவன் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

"ஈறு வீங்கி ரத்தம் வருது. இப்படியே போனா திருகு ஆடிரும், பல்லைக் கழற்றித்தான் எறியணும். நூலைப் பல்லால கடிக்காதீங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

நாற்காலியில் சாய்ந்திருந்த தையல்காரி அன்னபாக்கியம் விருட்டென்று நிமிர்ந்தாள்.

"முப்பது வருசப் பழக்கத்த ஒங்க ஒரு சொல்லுக்கு விட்டேன் டாக்டரே. இந்தா பாருங்க, கத்தரிய தாலியோட தாலியா கழுத்துல தொங்கப் போட்டிருக்கேன். எங்க வீட்டுக்காரரு கேலி பண்ணுதாரு."

"பொய் சொல்லாதீங்க."

"பொய்யா? யாரு, நானா?"

சாராள் வந்தார். விளக்கை இழுத்து, திருகின் கழுத்தோரம் ஈறை மெல்ல விலக்கினார். இடுக்கியால் பிடித்து இழுத்ததும், பூனைமயிர் போல வெள்ளையாய் ஒரு கொத்து வந்தது.

ஜெபஸ்டின் துள்ளினான். "பாத்தீங்களா மேடம், தையல் நூல்! இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் பல்லே கட்டக் கூடாது."

சாராள் திருகைத் தட்டிப் பார்த்தார். "ஆடல. பொழச்சுக்கும்."

பிறகு அந்த இழைகளைக் கழுவி அன்னபாக்கியத்திடம் நீட்டினார். "இது உங்க நூலா?"

அவள் விரலிடுக்கில் வைத்து உருட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தையல் நூலுன்னா முறுக்கு இருக்கும். இல்லேன்னா மெஷின்ல ரெண்டு தையல் தாங்காது. இதுல முறுக்கே கெடயாது, எழ எழயால்லா கெடக்கு."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"இதுல்லா இது! பல்லிடுக்குல விட்டுத் தெனம் இழுங்கன்னு நீங்க குடுத்தது!"

வருகிறவர்களுக்கெல்லாம் ஜெபஸ்டின் எடுத்துக் கொடுக்கிற ஃப்ளாஸ்.

"இழுக்கும்போது பிரிஞ்சு வந்திருக்குமே?" என்றான்.

"தெனமும் பிரிஞ்சுதான் வந்துது."

"அப்ப ஏன் நிறுத்தல?"

"டாக்டரு குடுத்ததாச்சேன்னு ரெண்டு தரம் கூடுதலா இழுத்தேன்!"

ஜெபஸ்டின் சாராள் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"சொந்தப் பல் வழவழப்பு மேடம். திருகு ஈறுக்குள்ள சொரசொரப்பு. அதுல மாட்டித்தான் இழை அறுந்திருக்கு. இவங்களுக்கு இனிமே எதைக் கொடுக்க? பஞ்சு மாதிரி தடிச்ச ஃப்ளாஸா, குட்டி பிரஷ்ஷா?"

சாராள் கையுறையைக் கழற்றினார்.

"இதை எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? நூல் தெரிஞ்சவங்க அந்த நாற்காலியில இருக்காங்க."