வெள்ளத்தாயி திருப்பி வச்ச ஆன்டனா

ஒரு ஊர்ல ஒரு வெள்ளத்தாயி இருந்தா. ஆடு மேய்க்கிறவ. அவ வீட்டுல ஒரு டிவி இருந்துச்சு, ஆனா அந்த டிவியில ஒரு நாள் கூட படம் வந்ததில்ல. ஏன்னு கேளு. ம் சொல்லு கண்ணு, நீ ம் சொன்னாத்தான் கதை நகரும்.

ஆங், அப்படி. அந்த ஊரு பேரு குடத்துப்பட்டி. வடக்க பாத்தா ஆனக்கரடுன்னு பெரிய கரடு. தெக்க பாத்தா அதவிட உசரமா வழுக்கப்பாறைன்னு ஒரு மொட்டப் பாறை. நடுவுல முப்பது வீடு. கொடைக்கானல் மலை மேல டவர் இருக்குல்ல, அது காத்துல படத்தத் தூவிக்கிட்டே இருக்கும், சும்மாவே. சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆன்டனாவ வடக்க திருப்பி வச்சு லபக் லபக்குனு பிடிச்சுப் பாக்கும். குடத்துப்பட்டிக்கு மட்டும் ஆனக்கரடு குறுக்க நின்னு மறிச்சுக்கும். கேபிள்காரன் முப்பது வீட்டுக்காக ஒயர் இழுக்க மாட்டேன்னுட்டான். சர்க்கார்ல வீட்டுக்கு வீடு இலவச டிவி குடுத்தப்போ இவங்களும் வாங்குனாங்க. வாங்கி, மேல துணியப் போட்டு மூடி, அதுக்கு மேல கடிகாரத்த வச்சுட்டாங்க! "நம்ம ஊருக்குப் படம் வராது"ன்னு அவங்களே பேசி முடிச்சாச்சு. செஞ்சு பாப்போமேன்னு ஒருத்தருக்காவது தோணுச்சா பாரு, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அப்புறம், வெள்ளத்தாயிக்கு தவமணின்னு ஒரு பொண்ணு. ஓட்டக்காரி. மதுரையில விளையாட்டு விடுதியில தங்கிப் படிக்கிறா. ஒரு வெள்ளிக்கிழமை காலையில மளிகைக்கடை போனுக்கு அவகிட்ட இருந்து போன் வந்துச்சு, ட்ரிங் ட்ரிங்!

"அம்மா, நான் டெல்லியில இருந்து பேசுறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஓடுறேன். டிவியில அப்படியே காட்டுறாங்களாம். நான் ஓடி நீ ஒரு தடவ கூட பாத்ததில்லயேம்மா. இதையாவது பாப்பியா?"

பொண்ணு சொன்னது மெய்தான். பந்தயமெல்லாம் வெளியூர்ல நடக்கும், இவ போனா ஆட்ட யாரு பாக்குறது? இப்படியே ஏழு வருசம் ஓடிப்போச்சு. "பாப்பேன்டி, கண்டிப்பா பாப்பேன்"னு சொல்லிட்டா. சொல்லிட்டாளே ஒழிய, எதுல பாக்குறது?

பக்கத்து ஊருக்குப் போய் பாக்கலாமேன்னுதான கேக்க வர்ற? அவ புருசன் மொக்கச்சாமியும் அதையேதான் சொன்னாரு. பாவம், புளி உலுக்கப் போயி மரத்துல இருந்து தொப்புனு விழுந்து, கால்ல மாவுக்கட்டோட கட்டில்ல கெடக்காரு. "நீ போய் பாத்துட்டு வா புள்ள, எனக்கு வந்து சொல்லு"ன்னாரு.

"ஏன், நான் ஒருத்தி மட்டுமா பெத்தேன்? ரெண்டு பேரும் பாக்கணும். இந்த வீட்டுலயே பாக்கணும்!"

சொல்லிட்டு விறுவிறுன்னு பஸ் ஏறி, டவுன்ல ரேடியோ கடை குருவையாகிட்ட போய் நின்னா. குருவையாவுக்குத் தெரியாத விசயமே கெடையாது. அப்படின்னு அவரே சொல்லிக்குவாரு.

"டிஷ் மாட்டிக்கம்மா. ஆள் வந்து மாட்ட அடுத்த வாரம் ஆகும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். அதுவுமில்லாம, வானத்துல சும்மா வர்றத நான் சும்மாவே பிடிச்சுக்கிறேன். அதுக்கு என்ன இருக்கு?"

அவரு ஒரு கொம்பு ஆன்டனா எடுத்துக் குடுத்தாரு. டிவி தலையில வைக்கிறது, ரெண்டே ரெண்டு கம்பி. வெள்ளத்தாயி வீட்டுக்கு வந்து கடிகாரத்த எறக்கி, துணிய எடுத்து, கொம்ப வச்சு சர்ர்க் சர்ர்க்குனு இழுத்துவிட்டா. சுவிட்ச்சப் போட்டா. உஷ்ஷ்ஷ்ஷ்! திரை பூரா கொசு பறக்குது. கொம்ப விரிச்சா கொசு, மடக்குனா கொசு. மொக்கச்சாமி ரெண்டு மணி நேரம் கண்ண எடுக்காம பாத்துட்டு, "கொசு நல்லாத்தான் தெரியுது"ன்னாரு.

சிரிக்கிறியா? சிரி, சிரி. அந்த மனுசன் அப்படித்தான்.

அப்புறம் சனிக்கிழமை மறுபடியும் டவுனுக்கு ஓடுனா. குருவையா ஒரு பெரிய ஆன்டனா குடுத்தாரு, மீன்முள்ளு மாதிரி கம்பி கம்பியா இருக்கும். "இத மாடியில கட்டி வடக்க பாக்க வையி. வராம எங்க போகும்?" சர்க்கார் கட்டிக் குடுத்த தொகுப்பு வீடுதான் அவளோடது, அந்த மாடியில ஏறி, ஒரு கழியில கட்டி, வடக்க திருப்பி வச்சா. மாடியில இருந்து கத்துறா, "வருதாங்க?" உள்ள இருந்து அவரு கத்துறாரு, "வரல!" கொஞ்சம் திருப்புறா. "இப்ப?" "கொசு!" இன்னும் கொஞ்சம். "இப்ப?" "ஏ புள்ள, பேச்சு கேக்குது! யாரோ பேசுறாங்க!"

தடதடன்னு எறங்கி ஓடி வந்தா. கர்ர்ர்னு எரைச்சலுக்கு நடுவுல ஒரு ஆளு வானிலை சொல்றாரு! சத்தம் மட்டும்தான், படம் இல்ல. ஆனாலும் வெள்ளத்தாயிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வராது வராதுன்னாங்களே, வந்துருச்சே! சத்தம் வந்தா படம் வராமலா போகும்?

ம் சொல்லு. தூங்கிட்டியா? இனிமேதான் இருக்கு கதையே!

அப்போ ஞாயித்துக்கிழமை காலையில மூணாவது தடவையா போனா. குருவையா நீளமான இரும்புக் குழாயும், பூஸ்டர்னு ஒரு சின்னப் பெட்டியும் குடுத்தாரு. "ஒசரத்துல ஏத்தி பூஸ்டரப் போடு. இதுக்கும் வரலன்னா இந்தக் கடையையே மூடிர்றேன்"னாரு. குழாய பஸ் மேல போட்டு, ஊருக்குள்ள தோள்ல தூக்கிட்டு வந்து, அது உச்சியில மீன்முள்ளு ஆன்டனாவ மாட்டி, ஆடு கட்டுற கயித்தால கைப்பிடிச் சுவரோட இறுக்கிக் கட்டி நிமிந்தா, மணி மூணரை! கட்டில்ல இருந்தே எட்டி சுவிட்ச்சப் போட்டாரு மொக்கச்சாமி. உஷ்ஷ்ஷ்னு இருந்தது கர்ர்ர்ர்ர்ருனு ஆச்சு. பூஸ்டர் என்னத்தப் பெருசாக்கும்? இருக்குறது கொசு, அந்தக் கொசுவப் பெருசாக்குச்சு.

மூணே முக்கால். தெருவே கூடிருச்சு. "விடு ஆத்தா, நம்ம ஊருக்கு வராது"ன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. வெள்ளத்தாயிக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. ஏழு வருசம் பாக்கல, இன்னைக்கும் பாக்கலன்னா அந்தப் புள்ளைக்கு என்ன பதில் சொல்றது? அடிவயித்துல இருந்து ஒரு கத்து கத்துனா.

"வருதாங்க?"

அவரு பதில் சொல்றதுக்கு முன்னாடி பின்பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. வருதாங்க... தாங்க... வழுக்கப்பாறை! அவ கத்துனதத் திருப்பிக் கத்துது.

வெள்ளத்தாயி அப்படியே நின்னுட்டா. ஆடு கரட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டா அவ என்ன செய்வா தெரியுமா? கரட்டப் பாத்துக் கத்த மாட்டா. அந்தச் சத்தம் கரட்டுலயே முட்டி நின்னுரும். திரும்பி நின்னு வழுக்கப்பாறையப் பாத்து "ஹூய்ய்"னு கூப்பிடுவா. சத்தம் பாறையில பட்டு, கரட்டுக்கு மேல தாவி அந்தப் பக்கம் போய் விழும். ஆடெல்லாம் மே மேன்னு வந்து சேரும். அப்போ ஏன் சத்தம் தாவி வெளிய போற வழியில, படம் தாவி உள்ள வரக்கூடாது?

கிர்ர்ர்னு குழாயத் திருப்புனா. வடக்க பாத்த ஆன்டனாவத் தெக்க திருப்பிட்டா! கீழ எல்லாரும் சிரிக்கிறாங்க. "டவரு அந்தப் பக்கம் இருக்கு, இவ இந்தப் பக்கம் திருப்புறா, கிறுக்குப் பிடிச்சுருச்சா?"

உள்ள இருந்து ஒரு அலறல்.

"ஏ புள்ளேய்! வந்துருச்சு! படம் வந்துருச்சு! புள்ளைகளெல்லாம் கோட்டுல வந்து நிக்குது!"

வெள்ளத்தாயி குழாய விட்டுட்டு ரெண்டு படி எறங்குனா. "போச்சு! போச்சு!"ங்குறாரு. ஓடிப்போய்ப் பிடிச்சா. "வந்துருச்சு!" கைய எடுத்தா. "போச்சு!" கயித்த இன்னும் நாலு சுத்து சுத்திப் பாத்தாச்சு, ம்ஹூம். அவ கை பட்டாத்தான் படம் நிக்குது. வேற ஆள் பிடிச்சாலும் கொசுதான். படம் வருது, ஆனா அவ மாடியில நிக்கணும். படமோ வீட்டுக்குள்ள. என்ன செய்வா சொல்லு?

"நீங்களாவது பாருங்க"ன்னா.

டமால்னு ஒரு சத்தம். கட்டில்ல இருந்து எறங்கிட்டாரு மொக்கச்சாமி! தரையில உக்காந்து, மாவுக்கட்டுக் கால நீட்டி, டிவி இருந்த மேசைய முதுகால தள்ளுறாரு. சர்ர்ர்... சர்ர்ர்... நெலப்படி தாண்டி வாசலுக்கே கொண்டாந்து, டிவிய மாடியப் பாக்கத் திருப்பி வச்சுட்டாரு! வெயில் அடிச்சா தெரியாதுன்னு போர்வைய வேற குடை மாதிரி பிடிச்சுக்கிட்டாரு. "பாரு புள்ள! பாத்துக்க!"

டொப்! பந்தயம் கெளம்பிருச்சு! மாடியில இருந்து பாத்தா டிவி தீப்பெட்டி அளவு. ஆனாலும் அந்த நடையத் தெரியாதா பெத்தவளுக்கு? பாறையில பட்டு வர்ற படம் இல்லையா, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா தெரியுது. எட்டுப் பொண்ணுங்க பதினாறு பேரா ஓடுறாங்க. அதுல ரெண்டு தவமணி! ஒண்ணு கூட ஒண்ணு, ஒட்டுனாப்புல ஓடுதுக. தடதடதடன்னு ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மணி அடிச்சாச்சு, கடைசிச் சுத்து!

"ஓடுத்தா! என் ராசாத்தி, ஓடு! ஓடு!"

ஓடு... ஓடு... ஓடுன்னு வழுக்கப்பாறை கத்துது. தெருவே கத்துது. அவ குரலக் கேட்டு ஆடெல்லாம் பட்டியத் தாண்டிக் குதிச்சு வாசல்ல வந்து நிக்குது. மொக்கச்சாமி போர்வைய விட முடியாம, தலைய மட்டும் வளைச்சு டிவியத் தலகீழாப் பாத்துக்கிட்டே கத்துறாரு. வெள்ளத்தாயி குழாய ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறா. கண்ணுல தண்ணி வழியுது, தொடைக்கக் கை இல்ல.

அப்புறம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கடை போன் அடிச்சுச்சு. ட்ரிங் ட்ரிங்!

"அம்மா, மூணாவதுதாம்மா வந்தேன்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடி. நான் வேற யாரையும் பாக்கல."

தவமணி மெதுவா கேட்டா, "நெசமாவே பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. ஏழு வருசத்துக்கும் சேத்து, ரெண்டு ரெண்டா பாத்தேன்."

ஓடுனவளும் படுத்துட்டா, பாத்தவளும் படுத்துட்டா, ஆடும் பட்டியில அடஞ்சுருச்சு. சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாச்சு. என்ன, இன்னும் முழிச்சுட்டா இருக்க? கண்ண மூடு கண்ணு.