ஏழாவது ஊற்று

சித்திரை வெயிலில் காட்டாறு வற்றிக் கிடந்தது. யானை ஒன்று ஆற்று மணலில் ஊற்று தோண்டியது. முன்காலால் மணலைத் தள்ளி, துதிக்கையால் அள்ளி வீசியது. இரண்டடி ஆழத்தில் தண்ணீர் சுரந்தது.

"எல்லாரும் வாருங்கள்!" என்றது யானை. "குடிக்கலாம். கலக்கக் கூடாது. அவ்வளவுதான்."

மானும் மயிலும் முயலும் நரியும் வரிசையாக வந்து குடித்தன. கடைசியில் காட்டுப்பன்றி வந்தது. அதன் தோலெல்லாம் உண்ணி. மூன்று நாளாக அரிப்பு தாங்கவில்லை. ஈர மணலைக் கண்டதும் ஊற்றுக்குள் விழுந்து புரண்டது. கரை சரிந்தது. தண்ணீர் சேறாகிவிட்டது.

"ஏய், சேற்று மூஞ்சி! நாங்கள் எதைக் குடிப்பது?" என்று கத்தியது மயில்.

"விரட்டுங்கள் அதை!" என்றது மான்.

பன்றி கரையேறி ஒதுங்கியது. பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லை. விரட்டினால் சாவுதான்.

யானை கோபிக்கவில்லை. நாலு எட்டு தள்ளிப் போய் மறுபடியும் தோண்டியது. தண்ணீர் வந்ததும், "தம்பி, நீ முதலில் குடி" என்றது பன்றியிடம்.

பன்றி தலைகுனிந்து குடித்தது. ஆனால் மனம் ஆறவில்லை. புதருக்கும் பாறைக்குமாக அலைந்தது.

நரி பக்கத்தில் வந்தது. "என்ன மாப்பிள்ளை, முகம் வாடிப் போச்சு?"

"தப்பு செய்துவிட்டேனே!"

"தப்பா? நீ புரண்டதால்தானே புது ஊற்று வந்தது! பழையதைவிடத் தெளிவு! யானையின் நல்ல மனசும் காட்டுக்கே தெரிந்தது. நீ இன்னும் புரண்டால் இன்னும் நன்றாகத் தெரியும்!"

நரியின் எண்ணம் வேறு. வரிசையில் நரிக்கு எப்போதும் கடைசிப் பக்கம்தான் இடம். புது ஊற்று சுரந்தால் தள்ளுமுள்ளில் முன்னே பாயலாம்.

பன்றி நரி சொன்னதை நம்பியது. மறுநாளும் புரண்டது. யானை தோண்டியது. அதற்கு மறுநாளும் புரண்டது. யானை தோண்டியது. இப்படி ஆறு ஊற்றுகள் சேறாயின. ஒவ்வொரு முறையும் யானை, "குடி, தம்பி" என்றது. பன்றிக்குத் தண்ணீர் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. படுத்தால் எழுந்தது. எழுந்தால் நடந்தது. கிழங்கைக் கிளறிப் பாதியில் விட்டது.

ஏழாவது ஊற்றை யானை நெடுநேரம் தோண்டியது. இப்போது தண்ணீர் நாலடிக்குக் கீழே இருந்தது. பன்றி எட்டிப் பார்த்தது. மணலில் சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக ஏதோ சிந்தியிருந்தது.

"அக்கா, இது என்ன?"

"என் இரத்தம்தான். கீழே பாறை. துதிக்கை நுனி கிழிந்துவிட்டது."

"எப்போதிருந்து?"

"நாலாவது ஊற்றிலிருந்து."

"ஐயோ! அப்போதே என்னை விரட்டியிருக்கலாமே!"

"விரட்டினால் நீ செத்துப்போவாயே!"

நரி பின்னாலிருந்து கிசுகிசுத்தது. "அதுதான் கேட்காமலே தோண்டுகிறதே! உனக்கென்ன? புரளு, மாப்பிள்ளை!"

பன்றி சீறித் திரும்பியது. "போடா அந்தப் பக்கம்! என் அரிப்புக்கு மரம் இருக்கிறது. அக்காவின் காயத்துக்கு என்ன இருக்கிறது?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவியது. பன்றியும் பின்வாங்கியது. "இந்தத் தண்ணீரைத் தொட எனக்குத் தகுதி இல்லை. நான் போகிறேன், அக்கா."

"முதல் நாள் தகுதி பார்த்தா கொடுத்தேன்?" என்றது யானை. "உன் தாகத்தைப் பார்த்துக் கொடுத்தேன். வா!"

பன்றி வந்தது. உடம்பெல்லாம் தீயாய் அரித்தது. ஆனாலும் ஒரு கால்கூட உள்ளே வைக்கவில்லை. தண்ணீர் வாய்க்கு எட்டவில்லை. யானை கிழிந்த துதிக்கையாலேயே மொண்டு அதன் வாயில் ஊற்றியது. பன்றி கண்ணை மூடிக் குடித்தது. பிறகு கரையேறி, கருவேல மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. மழை வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதுவரை அந்த ஊற்று கலங்கவே இல்லை.

கடவுளின் கிருபை எந்தப் பாவியையும் தள்ளாது. அந்தக் கிருபை நமக்காகப் பட்ட காயத்தைக் கண்டவருக்கோ, பாவத்தில் மறுபடியும் புரள மனம் வராது.