கொசுறு

“வரிசை கலையக்கூடாது!” என்று கத்திக்கொண்டே சேந்தன் ஓடினார். கலைத்தவர் அவருடைய ஆசான்.

உலகம்மை அன்று காலைதான் படகில் வந்து இறங்கியிருந்தார். இலவச அரிசி வரிசையில் எல்லோரோடும் நின்று ஒரு கிண்ணம் அரிசி வாங்கினார். வாங்கியவர் நகரவில்லை. பின்னால் நின்ற பேச்சிமுத்துவிடம், “உங்க தொழில் என்ன?” என்று கேட்டார்.

“செருப்புத் தைக்கிறதும்மா. அதெல்லாம் பஞ்சத்துக்கு முன்னால.”

உலகம்மை வார் அறுந்த தன் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் கிண்ணத்தையும் வைத்தார்.

“தைச்சுக் குடுங்க. கூலி இது.”

சேந்தன் மூச்சிரைக்க வந்து நின்றார். “அம்மா, கப்பலில் வந்த புதுச் செருப்பு கிடங்கில் மலைபோலக் கிடக்கிறது. எல்லோருக்கும் இலவசம். இதோ, இவர் காலில்கூட அதுதான்.”

பேச்சிமுத்து ஒரு காலை மறு காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“எனக்கு இதுவே போதும்,” என்றார் உலகம்மை. “தைக்க வருமா, இல்ல மறந்துபோச்சா?”

“மறக்கிறதா? எங்கிட்டயா கேக்கிறீங்க?” பேச்சிமுத்து ஊசி எடுக்க வீட்டுக்கு ஓடினார்.

சேந்தனுக்கு எரிச்சல். வயதில் அவர் தன் ஆசானுக்கும் மூத்தவர். போர் ஓய்ந்து, காசு செல்லாக்காசாகி, துறைமுகம் பட்டினியில் கிடந்தபோது அவரை இங்கே அனுப்பியவர் உலகம்மை. சேந்தன் வந்த பிறகு பசியால் ஒருவரும் சாகவில்லை. ஆனால் இனி நிவாரணக் கப்பல் வராது. ஊர் தானாகப் பிழைக்காது என்றால் சனங்களை அள்ளி உள்நாட்டு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தலைநகரத்து அதிகாரி பதிலுக்காகத் துறையில் காத்திருக்கிறார். இன்றே சொல்லியாக வேண்டும்.

“இந்த ஊர் எழுந்துவிட்டதா இல்லையா, எதைப் பார்த்துச் சொல்வது? அதைக் கேட்கத்தான் உங்களை வரச் சொன்னேன்.”

“செருப்பு வரட்டும்.”

ஊசி வந்தது. பேச்சிமுத்து மண்ணில் உட்கார்ந்து தைத்தார், வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார், அரிசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துண்டில் கொட்டினார். தன் முறை வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“யார்ட்டயாவது முருங்கைக்கீரை இருக்கா? அரிசி தாரேன்!”

வரிசை திரும்பிப் பார்த்தது.

“எங்க கொல்லையில இருக்கு,” என்றாள் இசக்கி. “எவ்வளவு தருவ?”

“ஒரு கட்டுக்கு ரெண்டு பிடி.”

“மூணு.”

“உன் கீரை என்ன தங்கத்துலயா துளிர்க்குது?”

யாரோ சிரித்தார்கள். இசக்கி வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் ஒருவர் தன்னிடம் உப்பு இருப்பதாகச் சொன்னார். வலை பின்னித் தந்தால் உப்பு தருவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். அரிசி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். இசக்கி தலைச்சுமைக் கீரையோடு வந்தபோது வரிசை என்று ஒன்று இல்லை. சேந்தனின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

சற்று நேரத்தில் கூச்சல்.

“மூணு பிடி வாங்கிட்டல்ல? ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டா உன் மரம் பட்டுப்போயிருமா?”

“காலையில சும்மா வந்த அரிசி. இதுக்குக் கொசுறு வேறயா?”

“சும்மா வந்தா என்ன? இப்ப எனக்குள்ளதுடி!”

இசக்கியிடம் கத்தியவள் பூரணம். இத்தனை மாதமாக அவள் முகத்தைச் சேந்தன் பார்த்ததில்லை. குனிந்தபடி வருவாள், பாத்திரத்தை நீட்டுவாள், குனிந்தபடியே போவாள். இப்போது இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

சேந்தன் நடுவில் புகுந்தார். “சண்டை வேண்டாம் தாயி. கறிவேப்பிலைதானே? நான் தரச் சொல்கிறேன்.”

“நீங்க சும்மா இருங்கய்யா!” பூரணம் அவர் பக்கம் திரும்பினாள். “உங்ககிட்ட யார் கேட்டா? இவகிட்டல்ல கொசுறு கேக்கிறேன்!”

“அதானே,” என்றாள் இசக்கி. “எங்க ஏவாரத்துல இவருக்கு என்ன வேலை?”

சேந்தன் இரண்டடி பின்வாங்கினார். பிறகு திரும்பி, மேல்துண்டு நழுவ, முகமெல்லாம் சிரிப்பாக ஆசானிடம் ஓடினார்.

“அம்மா! என்னைத் திட்டிவிட்டார்கள்! இரண்டு பேரும் சேர்ந்து திட்டிவிட்டார்கள்!”

உலகம்மை செருப்பை மாட்டி நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதிகாரியிடம் என்ன சொல்லட்டும்? சொல்லுங்கள், இப்போதே போகிறேன்!”

“ஒன்றும் சொல்ல வேண்டாம். இங்கே வந்து ஒரு கட்டுக் கீரை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.”

சேந்தன் துறையை நோக்கி ஓடினார்.

இசக்கி இன்னும் ஏசிக்கொண்டே இருந்தாள். ஏசியபடி மடியிலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலையை எடுத்துப் பூரணத்தின் கீரைக்கட்டில் செருகினாள்.