ஒரு மடக்குத் தண்ணீர்

அறுபதைத் தாண்டிய பிறகு தவசிமுத்து பாட்டுக் கற்கப் போனார்.

நாற்பது ஆண்டு உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவர். துண்டறிக்கை படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர். பிறகு அந்த ஊர்த் துண்டறிக்கைகளை எல்லாம் அவரே எழுதினார். கடைசி வேலைநிறுத்தம் தோற்றது. சங்க அலுவலகம் செல்போன் கடையானது. அவர் கொடுத்த அறிக்கையில் ஆட்கள் வடையை அமுக்கி எண்ணெய் எடுத்தார்கள்.

மழை தொடங்கி அளங்களை மூடியதும் குடியிருப்புப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி நடக்கும். சொந்தப் பாட்டுதான் பாட வேண்டும். வென்ற பாட்டை, அளம் திறக்கும் நாளில் எல்லாரும் பாடிக்கொண்டு இறங்குவார்கள். அறிக்கை கிழியும், பாட்டு நிற்கும், அதோடு தன் பேரும் நிற்கும் என்று தவசிமுத்து நம்பினார்.

சொல் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. மெட்டுதான் இல்லை. அதற்காக, அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் குணவதி டீச்சரிடம் போனார். டீச்சருக்கு அவருடைய மகள் வயது.

"சேத்துக்கிடுவியளா டீச்சர்?"

"சேத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா இங்க மைக் கிடையாது."

மூன்று மாதம் பொறுமையாகக் கற்றார். போட்டி நாள் வந்தது.

அந்தப் போட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் தன் பாட்டை இரண்டு தடவை பாடுவார். பிறகு ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். பாடி முடியும்வரை தண்ணீர் வாயிலேயே இருக்க வேண்டும். துப்பினால் பரிசு இல்லை.

தவசிமுத்து பாடினார்.

"உப்பு விளையுது யார் காலில்?
உபரி விளையுது யார் வீட்டில்?"

மெட்டு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கூட்டம் பாடத் தொடங்கியது. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் முன்வரிசையில் நின்ற உப்பளத்துப் பெண் மாரிக்கிளி வேண்டுமென்றே மாற்றிப் போட்டாள்.

"காரு நிக்குது யார் வீட்டில்?"

கூட்டம் சிரித்தது. அடுத்த சுற்றில் எல்லாரும் அதையே பாடினார்கள்.

தவசிமுத்து தண்ணீரைத் துப்பினார்.

"நிறுத்துங்க. காரு இல்ல, உபரி."

"உபரின்னா என்ன அண்ணாச்சி?" என்றாள் மாரிக்கிளி.

கூலி போக முதலாளிக்குச் சேரும் மிச்சம் என்று அவர் விளக்கத் தொடங்கினார். விளக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். காணாமல்போன ஆட்டைத் தேடிப் பாடியவனுக்குப் பரிசு போனது.

கூட்டம் கலைந்தது. பள்ளிக்கூட வாசலில் டீச்சர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஆட்டத் தொலைச்சவனுக்குப் பரிசு" என்றார் தவசிமுத்து. "உழைப்பத் தொலைச்சவனப் பாடினா சிரிக்கிறாங்க."

"அந்தக் காரு வரி நல்லாத்தான இருந்துச்சு."

"உபரிதான் டீச்சர் அந்தப் பாட்டுக்கே முதுகெலும்பு. அத உருவிட்டாங்க. ஜெயில்ல கிடந்து படிச்சது அது."

டீச்சர் ஒரு நாற்காலியை விரித்து, தெருவைப் பார்த்துப் போட்டார். தவசிமுத்து அதில் உட்கார்ந்தார்.

தெருமுனையில் உப்பள முதலாளியின் பங்களா. அந்த வாசலைக் கடக்கும்போது யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வேலைநிறுத்த ஊர்வலம்கூட வேறு தெரு வழியாகத்தான் போனது. போலீஸ் சொன்ன வழியில் அதை நடத்திப் போனவர் தவசிமுத்து.

இப்போது பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். பங்களா வாசலில் மாரிக்கிளி நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். உள்ளே நின்ற காரைக் கை காட்டி, மெட்டுப் பிசகாமல் முழுப் பாட்டையும் பாடினார்கள். காவலாளி வெளியே வந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போனான். அவர்கள் இன்னொரு தடவை பாடினார்கள்.

தவசிமுத்து மெல்லக் கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். அதுல என் பேரு எங்க இருக்கு?"

டீச்சர் மிச்சமிருந்த நாற்காலியை மடக்கினார்.

"அளம் யாருக்குச் சொந்தம் அண்ணாச்சி?"

நாற்பது ஆண்டு மேடை மேடையாகச் சொன்ன பதில். அவர் யோசிக்கவே இல்லை.

"அதுல இறங்கி உழைக்கிறவங்களுக்கு."

"பாட்டு?" என்றார் டீச்சர்.